இரண்டாம் பதிவு

மழைக்காலத்தில் குலசேகரம் பக்கம் பியானோ வைத்துக்கொள்வது பெரிய தொல்லை, மேடம். ரப்பர் மரங்களுக்கு நடுவே வீடு. ஜூன் பிறந்துவிட்டால் சுவரே வியர்க்கும். கட்டைகள் ஈரத்தில் ஊதிப்போய், அழுத்தினால் கீழேயே நின்றுவிடும். அதற்காக உள்ளே ஒரு குண்டு பல்பு எப்போதும் எரியவிட்டிருப்பேன். அந்தச் சூட்டில்தான் அது பிழைத்துக் கிடந்தது. நீங்கள் அறையைப் பூட்டி சீல் வைத்திருக்கிறீர்கள், அது உங்கள் முறை. பல்பை மட்டும் அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதை முதலில் சொல்லாவிட்டால் மறந்துபோகும். இப்போதெல்லாம் எனக்கு ஒரே களைப்பாக இருக்கிறது.

மற்றதையெல்லாம் நீங்கள் கேட்கிறபடி சொல்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை. தம்பி டெல்வின் கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். அதில் உள்ளது பெரும்பாலும் உண்மைதான். 'அம்மாவைக் கொன்றான்' என்ற இடம் மட்டும்தான் சரியில்லை. அம்மா இறந்தது மாரடைப்பில். இதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று நீங்களும் ஸ்டேஷன் ரைட்டரும் வெளியே பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. அதில் என்னால் உதவ முடியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்கள் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எப்படிப்பட்ட பியானோ வாசிக்கிறேன் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். எங்கள் சபையில் அப்பாதான் ஆர்கன் வாசித்தார். எனக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். நான் முதலில் கேட்ட சங்கீதம் கீர்த்தனைகள்தான். வார்த்தை தமிழ், மெட்டு மிஷனரிகளோடு கப்பலில் வந்தது. மேற்படிப்புக்குச் சென்னை போனேன். அங்கே வாயைத் திறந்தால் 'நீ மலையாளியா' என்றார்கள். திருவனந்தபுரத்தில் கச்சேரிக்குப் போனால் 'பாண்டி' என்றார்கள். ஜெர்மனியில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே இந்தியன் என்றதும் ராகம் வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு ராகம் தெரியாது, மேடம். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாலு குரலில் ஆமென் பாடத் தெரியும்.

அப்போதுதான் பியானோவின் மூடியைத் திறந்து, கம்பிகளுக்கு நடுவே பொருள்களைச் சொருகி வாசிக்கிற முறையைப் பிடித்துக்கொண்டேன். அது உலகத்தில் பலரும் செய்கிற காரியம். நான் ஊரிலிருந்து கொண்டுபோன ஒட்டுப்பாலை, ரப்பர் மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கிற பாலை, கீற்றாக வெட்டிச் சொருகினேன். தென்னை ஈர்க்கில், சிரட்டை, மீன்பிடிக்கிற நைலான் நரம்பு, எல்லாம் வைத்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் வேறொரு சத்தம் வரும். நான் யார் என்பதை அந்தப் பெட்டிக்குள் தேடுகிறேன் என்று நிகழ்ச்சித் தாளில் எழுதினேன். கைதட்டினார்கள். ஆனால் மத்தியாஸ் என்று ஒருவர், வடக்கு ஜெர்மனியில் புதிய இசைக்காக ஒரு விழா நடத்துகிறவர், கச்சேரி முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார். 'அழகாக இருக்கிறது. இதில் உன் ஊர்ப் பொருள் எல்லாம் இருக்கிறது. நீ எங்கே இருக்கிறாய்?'

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்தேன். மிஷன் பங்களா ஒன்றில் யாரும் தொடாமல் கிடந்த பியானோவை டெல்வின் வாங்கிக் கொடுத்தான். அவன் மஸ்கட்டில் கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிற கம்பெனியில் சூப்பர்வைசர். வீடும் அவன் கட்டியதுதான். அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மாவின் பெயர் லீலாபாய், அது உங்களிடம் இருக்கிறது. முதல் நாள் நான் கம்பிகளில் வேலை செய்வதைக் கைகட்டி நின்று பார்த்தாள்.

"இது என்னத்துக்கு மக்களே, பெட்டிக்குள்ள ஒட்டுப்பாலு? நாறாதா?"

வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"கொள்ளாம், நல்லாருக்கு," என்றாள். "பூனை அடுக்களையில பாத்திரத்த உருட்டுன மாதிரி இருக்கு."

அவள் அப்படித்தான். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அப்பா இறந்த நாளைச் சொல்லவேண்டும். எனக்குப் பதினாறு வயது. அவரை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். அதுவரை பேசாமல் இருந்த அம்மா திடீரென்று ஒரு கையை நெஞ்சில் வைத்துப் பாட ஆரம்பித்தாள். பாட்டு என்றுதான் சொல்லவேண்டும், வேறு வார்த்தை இல்லை. பாதி தமிழ், பாதி மலையாளம், அப்பாவின் பெயர், அவர் உழுத நிலம், அவர் குடித்த தண்ணீர். நாங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வருவதற்கு முன்னால் எங்கள் பெண்கள் இழவு வீட்டில் அழுத முறை அது என்று பிறகு தெரிந்தது. அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளுக்குள் இருந்திருக்கிறது. அதன் சுரங்கள் எந்தக் கட்டையிலும் இல்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கேயோ நின்றன. கொஞ்ச நேரம்தான். சபையின் பாஸ்டர் ஐயர் வந்து, நம்பிக்கை இல்லாதவர்களைப்போல் துக்கிக்கக் கூடாது அம்மா என்று மெதுவாகச் சொன்னார். பாடகர் குழு ஒரு கீர்த்தனையை எடுத்தது. குழாயை மூடியதுபோல அம்மா நிறுத்திவிட்டாள்.

அப்பா போனதைவிட அது நின்றதுதான் எனக்கு அன்றைக்குப் பெரிதாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மத்தியாஸ் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று தோன்றியது. அது என்னுடையது. கப்பலில் வராதது. சென்னைக்காரனோ திருவனந்தபுரத்துக்காரனோ இது எங்களுடையது என்று சொல்ல முடியாதது. மத்தியாஸுக்கு எழுதினேன். அவர் உடனே விழாவில் ஒரு இரவை எனக்கென்று ஒதுக்கினார். தாயின் குரலும் மகனின் பியானோவும். 'அம்மைக் குரல்' என்று பெயர் வைத்தேன்.

அம்மாவிடம் நேராகத்தான் கேட்டேன். முதலிலேயே பொய் சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள்.

"ஒருக்க மட்டும் பாடு அம்மா. அப்பா செத்தப்ப பாடுனியே, அது."

"அது பாட்டில்ல மக்களே. நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஓர்மையில்ல."

"ஆரம்பிச்சா வரும்."

"நெஞ்சு கழண்டு வருதது அது. ஆளெல்லாம் சொகமா இருக்கப்ப அத வாயில எடுக்கப்பிடாது. கீர்த்தனை வேணும்னா பாடுதேன், பிடிச்சுக்க."

கீர்த்தனை பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். எனக்கு அது வேண்டியதில்லை. அப்பாவின் கல்லறைக்குக் கூட்டிப்போனேன், போன் பதிவில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, கல்லறையில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். சுற்றுவட்டாரத்து இழவு வீடுகளுக்கெல்லாம் போனேன். எல்லா இடத்திலும் மைக், கீபோர்டு, பாடகர் குழு. அம்மாவிடமிருந்து வந்தால்தான் உண்டு. அம்மாவிடமிருந்து அது வரவேண்டுமென்றால் அவளுக்கு ஒரு சாவு வேண்டும். தூரத்துச் சொந்தமாக இருந்தால் போதாது. பிள்ளையாக இருக்கவேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. இதில் விருப்பு வெறுப்பு ஒன்றும் இல்லை, மேடம். யோசித்தால் நீங்களும் அங்கேதான் வந்து சேர்வீர்கள்.

டெல்வினுக்கு எந்தக் கெடுதலும் நான் நினைக்கவில்லை. அவன் மஸ்கட்டில் நன்றாகத்தான் இருந்தான், இப்போதும் நன்றாக இருக்கிறான். கொஞ்ச நேரத்துக்கு அவன் இல்லை என்று அம்மா நம்பினால் போதும். பிறகு இருக்கிறான் என்று சொல்லிவிடலாம். அவளுக்கு நட்டம் இல்லை, சந்தோஷம்தான் கூடும். அப்படித்தான் கணக்குப் பார்த்தேன்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு மைக், கட்டிலுக்கு அடியில் ஒன்று, பியானோவுக்குள் இரண்டு. அம்மா சபை கலைந்து வந்து சாப்பிட்டு முடித்திருந்தாள். அவளுடைய போனை எடுத்து என் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். பியானோ அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அம்மா, டெல்வின் வேலை செய்யுத எடத்துல சாரம் சரிஞ்சு போச்சாம். கம்பெனியில இருந்து விளிச்சாங்க. அவன் போயிட்டான் அம்மா."

அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆரு சொன்னா? எந்த ஆசுபத்திரி? வேற ஆளா இருக்கும். அந்த போன தா. நான் அவனுக்கு விளிக்கேன். தா மக்களே."

தரவில்லை. உறுதியான செய்தி என்று சொன்னேன். தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. வீணாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அந்தக் கை நெஞ்சுக்குப் போனது. அது வந்தது. நான் நினைத்து வைத்திருந்ததைவிடப் பெரிதாக வந்தது. டெல்வின் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தது, முதல் தடவை வெளிநாடு போனபோது ஏர்போர்ட்டில் திரும்பிப் பார்த்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. நான் பியானோவில் உட்கார்ந்து கீழ்ப்பகுதியில் மெதுவாக வாசித்தேன். அவள் குரலுக்கு அடியில் ஒரு தரை போல. அவளுக்கு அது கேட்டதா என்று தெரியாது.

பக்கத்துத் தோட்டத்து நேசபாய் சத்தம் கேட்டு மழையோடு ஓடிவந்தாள். நான் எழுந்து போய் நடைவாசலில் நிறுத்தினேன்.

"என்னாச்சு பெனிஷே? லீலா அக்கா என்னத்துக்கு அழுது கரையுதா?"

"ஒண்ணுமில்ல அக்கா. பாட்டு ரெக்கார்டிங். எனக்க புரோகிராமுக்கு. சத்தம் போடாண்டாம்."

அவள் குடையை மடக்காமலே கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"எம்மாடி, நிசமாட்டுக் கரையுத மாதிரியே இருக்கு. அக்காவுக்கு இந்த கழிவும் தெறமையும் உண்டுமா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் உங்களிடம் சொன்னது அப்படியே உண்மை.

போனைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அந்த நேரத்தில் டெல்வின் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவைக் கூப்பிடுகிற நேரம் அது, எனக்குத் தெரியும். பாக்கெட்டில் இரண்டு முறை அதிர்ந்தது. அதை எடுத்து அம்மா கையில் கொடுத்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அணைத்து வைத்தேன். அந்த அதிர்வு பதிவில் லேசாக விழுந்திருந்தது. பிற்பாடு அதைச் சுத்தம் செய்ய ஒரு நாள் முழுக்க ஆனது.

அம்மா களைத்துப்போய்ப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். மூச்சு இரைத்தது. நான் பதிவை நிறுத்தி, சரியாகச் சேமித்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்து, இன்னொரு டிஸ்கில் ஒரு நகல் எடுத்துவிட்டுத்தான் அவளிடம் போனேன். அதற்கு எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரம்.

"அம்மா, இப்ப திரும்பவும் கம்பெனியில இருந்து விளிச்சாங்க. ஆளு மாறிப்போச்சாம். வேற டெல்வினாம்."

அவள் நம்பவில்லை. போனில் அவன் முகத்தைக் காட்டிய பிறகும் நம்பவில்லை.

"மக்களே, நீ இருக்கியா? கைய காட்டு. ரெண்டு கையயும் காட்டு."

அவன் அந்தப் பக்கம் சிரித்தான். "என்னம்மா, ஒனக்கு என்னாச்சு?" ஆள் மாறிப்போன கதையை நான்தான் அவனுக்குச் சொன்னேன். போன் செய்தது மலையாளத்தில் பேசின யாரோ என்று சொன்னேன். அவன் ஏதோ ஏமாற்று போன் என்று நினைத்துக்கொண்டான்.

அம்மா அடுத்த ஞாயிறு சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். நான் சொன்னதுபோல சந்தோஷம் கூடத்தான் செய்தது. ஆனால் உடம்பு கெட்டுவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்து, இருதயம் பலவீனமாக இருக்கிறது, அதிர்ச்சியான சேதி எதையும் இவர்களிடம் சட்டென்று சொல்லிவிடாதீர்கள் என்றார். எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தலாக இருந்தது. ராத்திரி ஜெபம் முடிந்த பிறகும் அம்மா முழங்காலில் இருந்து எழுந்திருக்கமாட்டாள். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள்.

"அந்த வேற டெல்வினுக்கு அம்மை உண்டுமா மக்களே?"

உண்டு என்று சொன்னேன். என்ன சொல்வது? கேரளத்தில் எங்கோ இருக்கிறாள் என்றேன்.

"பாவம். எனக்குத் திரும்பிக் கிட்டிச்சு. அவளுக்குக் கிட்டல்ல. அவளுக்க நம்பரு வல்லதும் கிட்டுமா? ஒரு வார்த்தை பேசணும்."

பார்க்கலாம் என்றேன். அவள் என்னை நம்பிக் காத்திருக்கவில்லை. டெல்வினிடம் கேட்டிருக்கிறாள். எங்கள் கம்பெனியில் என்னைத் தவிர டெல்வின் என்று ஒருவனும் இல்லை, சாரம் எங்கும் சரியவும் இல்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். இது அவன் புகாரில்தான் எனக்குத் தெரியும். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் பியானோ அறைக்குள் வந்து ஜன்னல் திரையைக் கையால் ஒதுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூசி தட்டுகிறாள் என்று நினைத்தேன்.

இதற்குள் பதிவை மத்தியாஸுக்கு அனுப்பியிருந்தேன். அவர் இரண்டு நாள் தூங்கவில்லை என்று எழுதினார். பிறகு எழுதினார், 'ஆனால் கூரையில் விழும் மழை குரலைப் பாதி மூடிவிட்டது. அரங்கத்தின் ஒலிபெருக்கியில் இது தாங்காது. இன்னொரு பதிவு இருக்கிறதா?'

அவர் சொன்னது சரி. அடுக்களைப் பக்கத்துத் தகரக் கூரையை நான் யோசிக்கவில்லை. அது என் தொழிலில் வந்த பிழை. 'இருக்கிறது' என்று பதில் போட்டேன்.

ஆகஸ்டில் மழை விட்ட ஒரு காலை. நேசபாய் ரப்பர் ஷீட் அடிக்கப் போயிருந்தாள். அம்மா முற்றத்தில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போய் எதிரே குந்தி உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று முந்தின நாளிலிருந்து யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. களைப்புதான்.

"அம்மா, டெல்வின் போயிட்டான். இந்தத் தடவை நிசம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்றோ, போனைத் தா என்றோ கேட்கவில்லை. அதிர்ச்சியில் வாயடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். மீன் வாடை போக இரண்டாம் தரமும் கழுவினாள். உள்ளே போய் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டாள். பியானோ அறைக்குத் தானாகவே வந்து, ஜன்னல் திரைக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். முதல் தடவையைவிடப் பக்கத்தில். நான் காட்டியிருந்தால்கூட அவ்வளவு சரியான இடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

"ஃபேன அணைச்சிரு," என்றாள்.

குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அணைத்தேன். நல்லதாகப் போயிற்று, அந்தச் சத்தமும் விழவில்லை.

பிறகு பாடினாள். அதை நீங்களும் கேட்டீர்கள். நான் அதைப் பற்றி என்ன சொல்ல? முதல் தடவை அவள் குரல் அறுந்து அறுந்து வந்தது. இந்தத் தடவை அவசரமே இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக, கண்ணை மூடாமல், என்னைப் பார்த்துக்கொண்டே பாடினாள். நான் வாசித்தேன். என் வாழ்க்கையில் அப்படி வாசித்ததில்லை. இத்தனை வருடம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே தேடிய இடத்தில் அன்றைக்கு நான் இருந்தேன். அப்பா செத்த அன்று பாதியில் நின்றது அன்றைக்கு முழுதாக முடிந்தது. யாரும் அவளை நிறுத்தவில்லை. அவளே முடித்தாள். முடித்து, எழுந்து, சேலையை உதறிக்கொண்டு முற்றத்துக்குப் போய் மிச்ச மீனை ஆய்ந்தாள்.

நகல் எடுத்துவிட்டு நானும் போனேன்.

"அம்மா, திரும்பவும் தப்பாச் சொல்லிட்டாங்க. டெல்வினுக்கு ஒண்ணுமில்ல."

"சரி."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் சந்தோஷப்படவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. மத்தியானம் சோறு போட்டு வைத்தாள். நான் சாப்பிட உட்கார்ந்தபோது அறையில் இல்லை. அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை என்று சொல்ல முடியாது. உலை கொதிக்கிறது, கதவைச் சாத்து, இந்த மாதிரி பேசினாள். பிள்ளையை அழைக்கிறதுபோல மக்களே என்று மட்டும் கூப்பிடவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. சாயங்காலங்களில் டெல்வினோடு போனில் வெகுநேரம் பேசினாள், சிரிக்கவும் செய்தாள். அந்த வாரம் முடிவதற்குள் ஒருநாள் விடியற்காலையில் ரப்பர் ஷீட் உலர்த்துகிற கொட்டகையில் விழுந்து கிடந்தாள். அடக்க ஆராதனையில் நான்தான் ஆர்கன் வாசித்தேன். டெல்வின் வந்திருந்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அம்மாவின் மரணத்துக்கும் அந்தக் காலைக்கும் சம்பந்தம் இருக்கலாம். இல்லை என்று நான் சாதிக்கவில்லை. டாக்டர் சொன்னது தெரிந்திருந்தும் சொன்னேன், போன் அடித்தும் கொடுக்கவில்லை, ஒரு தடவை போதாமல் இரண்டாம் தடவையும் செய்தேன். இதையெல்லாம் நானே ஒப்புக்கொள்கிறேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

விழா அக்டோபரில் நடந்தது. இருட்டான அரங்கம், நடுவில் பியானோ, அம்மாவின் குரல் நாலு பக்கத்திலிருந்தும். முடிந்த பிறகு யாரும் கைதட்டவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வயதான பெண்மணி மேடைக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். 'இவன் தன்னைக் கண்டுபிடித்துவிட்டான்' என்று பத்திரிகையில் எழுதினார்கள். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது, மேடம். ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது. அதுதான் சங்கீதம்.

அந்த வீடியோவை மஸ்கட்டில் யாரோ டெல்வினுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவன் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணா, அம்மை அதுல ஆருக்க பேரச் சொல்லி கரையுதா?"

"ஒனக்க பேருதான்," என்றேன்.

"நீ தமிழுல கேட்டியா அத? ஒருக்க நல்லாக் கேளு."

பிறகு அவன் லீவு போட்டுவிட்டு வந்ததும், நேசபாயிடம் விசாரித்ததும், உங்களிடம் வந்ததும் உங்களுக்குத் தெரியும்.

நீங்களும் நேற்று அதை இரண்டு தரம் ஓட்டிக் கேட்டீர்கள். ரைட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் டெல்வின் கேட்டதையே நீங்களும் கேட்டீர்கள். எனக்கு இந்தக் கேள்வி அலுத்துவிட்டது. சரி, சொல்லிவிடுகிறேன். அதில் 'எனக்க பெனிஷே' என்று வருகிறது. 'மூத்த பிள்ளையே, பியானோப் பெட்டிக்க முன்னால இருந்தமேனிக்கே போயிட்டியே' என்று வருகிறது. 'ரெண்டு பெத்தேன், ஒண்ணு கடலுக்கு அங்கால இருக்கு, ஒண்ண இஞ்சயே பறிகொடுத்தேனே' என்று வருகிறது. நான் மறுக்கவில்லை. எத்தனையோ நாள் ஹெட்போன் போட்டு வேலை செய்தவன், எனக்குத் தெரியாதா?

ஆனால் அதற்கு நீங்கள் எல்லோரும் எடுத்துக்கொள்கிற அர்த்தம் கிடையாது. அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. காலையில் மாத்திரை போட்டிருந்தாள், வெறும் வயிறு. பியானோ கண் முன்னால் இருந்ததால் அது வாயில் வந்திருக்கும். சின்ன வயதிலும் எங்கள் இரண்டு பேரையும் அவள் மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவாள், டெல்வினிடமே கேட்டுப் பாருங்கள். துக்கத்தில் இருக்கிற ஆளுக்கு நிதானம் எங்கே இருக்கும்? அன்றைக்குச் செத்தவன் டெல்வின்தான், மேடம். அம்மா பெயரை மாற்றிச் சொல்லிவிட்டாள்.